தரைக்கு மேலே நாலு விரற்கடை

சைக்கிள்களுக்குச் சாலை வரி போட்ட சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை ஆறரை மணியிலிருந்து பேப்பர்காரரின் சைக்கிள் தரையைத் தொடவில்லை. நாலு விரற்கடை உயரத்தில், வழக்கமான வேகத்தில், பெல் அடித்துக்கொண்டு போனது. வரி கட்ட மாட்டேன் என்று தெருத்தெருவாகச் சொல்லியிருந்தவர் அவர். அவரைப் பார்த்து வரி கட்டாமல் விட்ட மற்றவர்கள் யாரும் மிதக்கவில்லை, அபராதம்தான் கட்டினார்கள். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து சக்கரத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாளை நுழைத்து அந்தப் பக்கமாக உருவிப் பார்த்தார்கள். கசங்காமல் வந்தது. சாலையைப் பயன்படுத்தாதவரிடம் சாலை வரி கேட்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மானம் போனது அவர் மனைவிக்குத்தான். அந்த வரியை வாங்கிக்கொண்டு, கட்டியதற்கு அடையாளமான பித்தளை வில்லையை ஹேண்டில்பாருக்குக் கீழே திருகாணி போட்டு முடுக்கித் தரும் கவுண்டரில் இருந்தவளே அவள். ஊர் அவளை வில்லையம்மா என்று கூப்பிட்டது. ஊருக்கெல்லாம் வில்லை மாட்டுகிறவள் வீட்டில் மட்டும் மாட்டவில்லையே என்று வரிசையில் நிற்பவர்கள் அவள் காதுபடச் சிரித்தார்கள். “ரோட்டைத் தேய்க்கிறது லாரி. என் சைக்கிள் போனா ஒரு புல்லுகூட மடங்காது. எனக்கு எதுக்கு வரி?” என்பார் அவர். “ரோடு என்ன தானா முளைச்சுதா? குழி விழுந்தா மட்டும் மொத ஆளா வந்து கத்துறீங்களே” என்பாள் அவள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்ததுதான் சங்கடம்.

சைக்கிளை விட்டு அவரால் இறங்கவும் முடியவில்லை. இரவில் படுக்கையறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தூங்கினார், உள்ளே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். பதினெட்டு வருஷம் அவர் கேரியரில் உட்கார்ந்து அலுவலகம் போனவள், வில்லையில்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்று நடந்தே போனாள். அவர் பக்கத்திலேயே மெதுவாக மிதித்துக்கொண்டு வருவார்.

மூன்றாம் மாதம் அவர் வரிசையில் வந்து நின்றார். பின்னால் கனமில்லாமல் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை, அதுதான் காரணம். ஆனால் அதை அவர் சொல்லவில்லை. பணத்தை நீட்டினார். வில்லை மாட்டும்போது வண்டி ஆடாமலிருக்க, சொந்தக்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும் என்பது கவுண்டர் விதி. அவர் காலை நீட்டினார், கட்டைவிரல் தரையை எட்ட ஒரு விரற்கடை குறைந்தது. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க வைத்த செங்கல் அவள் காலடியிலேயே கிடந்தது. அதை நகர்த்தி அவர் காலுக்குக் கீழே வைத்திருந்தால் போதும். அவள் அதைப் பார்த்தாள். வரிசை சிரித்த மூன்று மாதச் சிரிப்பும் அப்போது அவள் நெஞ்சில் இருந்தது.

“காலை ஊனிட்டு வாங்க. அடுத்த ஆள்!” என்றாள்.

வரிசை கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் ஒரு சாண் உயரத்தில் இருந்தார். அவள் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், எட்டவில்லை. ஸ்டூலைக் கொண்டுபோன அன்று ஸ்டூலுக்கு மேலே இருந்தார், ஏணி வைத்த அன்று ஏணிக்கு மேலே. ஐந்தாம் வருஷம், வசூலைவிட வசூலிக்கும் செலவு அதிகம் என்று நகராட்சி வரியையே எடுத்துவிட்டது. மிஞ்சிய வில்லைகள் எடைக்குப் போயின. ஒன்றை மட்டும் அவள் வாங்கி, கழியின் நுனியில் கட்டி மேலே நீட்டினாள். அவர் அதைத் தானே முடுக்கிக்கொண்டு காத்திருந்தார். செல்லாத சட்டத்தின் வில்லை ஒருவரையும் இறக்காது என்பது அன்று இருவருக்கும் தெரிந்தது. அவள் தெருவில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. மேல்மாடிக்காரர்களுக்குப் பேப்பர் முன்பைவிடச் சீக்கிரம் கிடைத்தது. சாப்பாட்டுத் தூக்கை அவள் கழியில் மாட்டிக் கொடுத்தாள், கழி வருஷத்துக்கு ஒரு சாண் நீண்டது, அதுவும் எட்டாமல் போனபோது அவர் இறக்கிய கயிற்றில் கட்டினாள். ஓய்வு பெற்ற பணத்தில் அவளும் ஒரு சைக்கிள் வாங்கினாள். வரி கட்டாமல் ஓட்டினால் மேலே போகலாம் என்று நினைத்தாள். கட்டுவதற்குத்தான் வரியே இல்லையே, எல்லார் சைக்கிளையும் போல அதுவும் தரையிலேயே ஓடியது. காலையில் அவர் கூரைகளுக்கு மேலே போக, அவள் கீழே சாலையில் கூடவே போனாள். “அண்ணாந்து பாத்துக்கிட்டே ஓட்டாதீங்கம்மா” என்று லாரிக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

சொல்ல வேண்டியதை, காதுக்கெட்டும் உயரத்தில் அவர் இருந்த அத்தனை வருஷமும் அவள் சொல்லவில்லை. குரல் எட்டாத உயரத்துக்கு அவர் போன பிறகு ஒரு காலை, வண்டியை ஓரமாக நிறுத்தி, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: “செங்கல்லு காலடியிலதாங்க கிடந்துச்சு. நான் பாத்தேன். பாத்தும் எடுத்து வைக்கல.”

மேலே அவர் பெடலை நிறுத்திக் குனிந்து அவள் வாயசைவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவள் வேறென்ன கேட்கப்போகிறாள் என்று, வயிற்றைத் தடவிக் காட்டி, சாப்பிட்டாயிற்று என்று தலையாட்டினார்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை மிதித்தாள்.