இரண்டாவது விமானம்

டமார்!

கூடத்துக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, ரிட்டயரான கமாண்டர் பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். முழங்கால்கள் முனகின. அவர் கண்டுகொள்ளவில்லை.

நல்லவேளை, விழுந்தது ஏணிதான். சிமுலேட்டர் இன்னும் முழுசாக நின்றுகொண்டிருந்தது. விமானிகள் தரையிலேயே உட்கார்ந்து பறந்து பழகும் பழைய இயந்திரம் அது. போர் விமானத்தின் மூக்கை மட்டும் அறுத்தெடுத்து, எதிரே பெரிய திரையை மாட்டி வைத்த மாதிரி இருக்கும். ஒருவர் பறந்ததைப் பதிவு செய்து வைத்து, பிறகு அதைத் திரையில் ஒரு விமானமாக ஓடவிட்டு இன்னொருவர் கூடவே பறக்கலாம். புதுசு வந்துவிட்டது, இதைப் பிரித்து இரும்புக் கடைக்கு அனுப்ப ஆட்கள் வந்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. பர்மிஷன் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

"சீக்கிரம் சார். லாரிக்காரன் என் உயிரை எடுக்கறான்," என்று அலுத்துக்கொண்டார் கான்ட்ராக்டர்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்தாள். கமாண்டர் சர்வீஸில் இருந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் அவள்தான். "வாங்க சார்! இந்தக் கிழட்டு மெஷினை வழியனுப்ப ஒருத்தராவது வந்தீங்களே!"

"மெஷினுக்காக வரலைம்மா. வாலு பறந்த பதிவு ஏதாவது மிச்சம் இருக்கா?"

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "ஒண்ணே ஒண்ணு இருக்கு சார்."

வாலு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஜோடியாகப் பறக்கும்போது கமாண்டர் முன்னால் போவார்; அவருடைய வலது இறக்கைக்குச் சற்றுப் பின்னால் அவன் ஒட்டிக்கொண்டே வருவான். அதனால் வந்த பெயர். கீழே இறங்கினாலும் அப்படித்தான். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்பான்.

"கல்யாணம் பண்ணிக்கறதுலயாவது எனக்கு முன்னால போயேன்டா!" என்று ஒருமுறை இவர் கேட்டதற்கு, "நீ முதல்ல போ. நீ உயிரோட திரும்பி வந்தா நான் யோசிக்கறேன்," என்றான்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதவி உயர்வு ஒன்றுதான் இருந்தது. அது இவருக்கு வந்தது. கூடவே தலைமையகத்துக்கு மாற்றல். வழியனுப்ப ஊரே திரண்டு வந்தது, வாலு வரவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். அவன் கூப்பிடவில்லை. அந்த மழைக்காலத்தில் மேகத்துக்குள் நுழைந்த அவனுடைய விமானம் மலையில் போய் மோதியது.

இப்போது மனைவியும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அந்த ஒரு கேள்வி மட்டும் அவரோடு குடியிருந்தது. கோபத்தோடேயேதான் போய்ச் சேர்ந்தானா?

கமாண்டர் ஏறி உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினார். திரையில் வானம் விரிந்தது. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விமானம்.

"அதோ, அவர்தான் சார்."

எப்போதும் முன்னால் போனவர் என்பதால் வாலு பறப்பதைப் பின்னாலிருந்து அவர் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் துரத்த வேண்டியிருந்தது.

"டேய், மெதுவாப் போடா!"

"அவருக்குக் கேக்காது சார்."

"உயிரோட இருந்தப்ப மட்டும் கேட்டானாக்கும்!"

எப்படியோ எட்டிப் பிடித்துவிட்டார். இறக்கையோடு இறக்கை. வெறும் படம்தான், உள்ளே யாருமில்லை என்று தெரிந்தும் தலையைத் திருப்பி அந்தக் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார்.

பிறகுதான் அது உறைத்தது. அந்த விமானம் ஒரு நிலையில் இல்லை. துளி வேகம் கூடியது, குறைந்தது. ஒரு சாண் ஏறியது, இறங்கியது. தனியாகப் பறப்பவன் இப்படிப் பறக்கமாட்டான். அடுத்தவனுடைய இறக்கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் கை ஓயாது.

"ஏம்மா, இவனுக்கு முன்னால யாரோ போயிருக்காங்களே?"

"ஆமா சார். இந்த மெஷின் ஒரு நேரத்துல ஒரு விமானத்தைத்தான் காட்டும். அதான் முன்னால போனது தெரியல."

"எப்பப் பறந்தது இது?"

"நீங்க மாற்றலாகிப் போன பிறகு."

அவர் கை தளர்ந்தது. வாலு விலகி, சின்னதாகி, புள்ளியாகிப் போனான். செத்துப்போனவன்மேல் இந்த வயதில் பொறாமைப்படுவது அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வயிறு எரிந்தது. தன் இடம் காலியாகி ஈரம் காய்வதற்குள் வேறொருவனுக்குப் பின்னால் போய்விட்டானே!

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சரி, என்னை விட்டா ஆளா இல்லை அவனுக்கு? புது ஜோடி யாரும்மா?"

ஆபரேட்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"புது ஜோடியா? முன்னால போறது நீங்க எப்பவோ பறந்து வச்ச பதிவுதான் சார். டியூட்டி முடிஞ்சதும் அவர் நேரா இங்க வந்து, 'அவனைப் போடுங்க, கொஞ்ச தூரம் கூடப் போயிட்டு வர்றேன்'னு உட்கார்ந்துடுவார்."