ஒரு திருகாணிக்கு மட்டும்

"குழாயைக் கன்னத்துப் பக்கமா விடுங்க. நேரா தொண்டையில குத்திடாதீங்க" என்றாள் மனைவி, கைபேசிக்குள்ளிருந்து. அவளுக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. பாலத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து, அவள் ஏறிய பேருந்து ஒரு மணி நேரமாக நகரவில்லை.

"நீ வந்துடேன்" என்றார் அவர்.

"பறந்தா வர முடியும்? ஏங்க, அம்மாவுக்கு மூச்சு முட்டுது, எனக்கே கேக்குது. சளியை நீங்கதான் எடுக்கணும்."

அதோடு இணைப்பு அறுந்தது.

கட்டிலடியில் சளி உறிஞ்சும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மாமியாரின் மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. டாக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது. தினமும் சளி எடுப்பது நர்ஸான மனைவியின் வேலை. அந்த நேரத்தில் அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

ரத்தத்தைக் கண்டால் அவருக்குக் கண் இருட்டிவிடும். நேற்று எடுத்த சளியில் ரத்தம் இருந்தது. அவருக்கு மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கிச் சாய்ந்ததை மாமியார் சொல்லாத விசேஷம் இல்லை. "பிள்ளை பெத்தவ எழுந்து நடக்கறா, அப்பன்காரர் கட்டில்ல குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுக் கிடக்கறார்!" உறவில் அவருக்கு 'மயக்க மாப்பிள்ளை' என்றே பெயர்.

இப்போதும் காதுக்குள் 'ஙொய்' என்று கிளம்பிவிட்டது. இங்கே விழுந்தால் தூக்க ஆளில்லை. அத்தை தனியாக மூச்சுத் திணறிப் போய்விடுவார்.

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவருடைய பக்தியும் கடை மேஜையளவுதான். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, இடுக்கியில் திருகாணியை எடுத்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் சொல்வார்: 'இது ஒண்ணு மட்டும் சரியா உக்காரட்டும் சாமி.' கடிகாரம் முழுதும் ஓட வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த திருகாணிக்கு அடுத்த வேண்டுதல்.

குழாயை எடுத்தார். 'வாய்க்குள்ள போற வரைக்கும் கை நடுங்க வேண்டாம் சாமி.' போயிற்று. 'கன்னம் தாண்டற வரைக்கும்.' தாண்டியது. குழாயில் இளஞ்சிவப்பாக ஏதோ ஓடியது. தரை ஒரு பக்கம் சாய்ந்தது. 'பத்து எண்ணற வரைக்கும் என்னை நிக்க வை.' வாய்விட்டே எண்ணினார். எட்டில் களகளப்பு நின்றது.

குழாயை வெளியே எடுத்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே அத்தையின் மூச்சு, மெலிதாக, தடையில்லாமல் போய் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை... விழுந்துட்டீங்களா?"

"இல்லத்தை. உக்காந்திருக்கேன்."

"அவளைவிட உங்க கை லேசு." மூச்சு வாங்கினார். "யார்கிட்டப் பேசினீங்க?"

"சாமிகிட்டதான். நான் மயங்கி விழக் கூடாதுன்னு."

"எனக்கு மூச்சு முட்டுது. நீங்க உங்களுக்குக் கேட்டுக்கிட்டீங்களாக்கும்." நீலம் வடிந்த உதடுகளில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அத்தை அவர் விரலைப் பிடித்தார். "எனக்கும் ஒண்ணு கேளுங்க."

"சொல்லுங்கத்தை."

"படுத்து எட்டு மாசமாச்சு. போதும்னு சொல்லுங்க."

குழாயைவிட இது பெரிதாக இருந்தது. உயிரைக் கொடு என்று கேட்கலாம். எடுத்துக்கொள் என்று எந்த வாயால் கேட்பது? அதுவும் மனைவி பாதி வழியில் இருக்கும்போது?

"அவ வரட்டுமே அத்தை."

"அவ கேக்க மாட்டா. நீங்க கேளுங்க."

அந்த விரல்களில் பிடிக்கக்கூட வலுவில்லை, அவர்தான் பிடித்திருந்தார். கண்ணை மூடினார். வேண்டுதல் எப்போதும்போல் சின்னதாக வந்தது. 'இவங்களுக்கு வலிக்க வேண்டாம் சாமி. போதும்.'

கண்ணைத் திறந்தபோது அத்தை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டாச்சா?" என்பதுபோல் புருவம் உயர்ந்தது. தலையாட்டினார். அத்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, தூங்குகிறவர்போல் சுருண்டுகொண்டார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு முறை, அடுத்தது வரவில்லை. அவர் காத்திருந்தார். மெஷினை அணைத்தார். அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

மனைவி ஓடி வந்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். தொண்டையில் விரல் வைத்தாள். பிறகு நர்ஸ் போய் மகள் வந்து, அம்மாவின் தோளில் முகம் புதைத்தாள். அழுது முடித்து நிமிர்ந்தாள்.

"திணறினாங்களா?"

"இல்லம்மா. தூங்கற மாதிரிதான்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு இறங்கியது. "கடைசியா என்ன சொன்னாங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "உன்னைவிட என் கை லேசாம்."

அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். "மயக்க மாப்பிள்ளைக்கு வந்த வாழ்வைப் பாரு."

அவர் குனிந்து மெஷினின் குழாயைச் சுருட்டி வைத்தார்.

"கையைக் கழுவினீங்களா?" என்றாள் சட்டென்று.

"மறந்துட்டேன்."

அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து, சோப்பைக் குழைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். நுரை எல்லாம் போன பிறகும் இருவரும் நகரவில்லை. தண்ணீர் அவர்கள் கைகள்மேல் ஓடிக்கொண்டிருந்தது.