இடது ஆள்காட்டி விரல்

எங்கள் ஊரில் காலனிக்காரர்கள் ஓட்டுப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஊர்த்தெரு ஒரு பெயரைச் சொல்லும். காலனி மொத்தமும் அதற்குக் குத்தும். சொல்லாவிட்டால் சாவடிப் பக்கமே யாரும் போவதில்லை. இந்த முறை பஞ்சாயத்துத் தலைவர் பதவி எங்கள் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊர்த்தெரு தன் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவளை நிறுத்தியது. எதிர்த்து ராதா அத்தை நின்றாள்.

காலனியின் பாதி ஓட்டு பெங்களூரில் கிடந்தது. லிங்கராஜபுரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அபார்ட்மெண்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகைகளில். அந்த வேலையின் காண்ட்ராக்டர் நாகேஷ், ஊர்த்தெரு ஆள்.

"எலக்சன் அன்னிக்குக் கான்கிரீட். எவனும் ஊருக்குப் போவக்கூடாது" என்றான்.

காய்ச்சல், சாவு, காதுகுத்து என்று ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டு நிறையப் பேர் பஸ் ஏறினார்கள். நானும் அம்மாவும் ஏறினோம். மேஸ்திரியான அப்பா ஏறவில்லை. கிளம்பும்போது வாசலில் வைத்து அம்மாவின் கன்னத்தில் அறைந்தார். அம்மா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். அவளை அடிக்க அவருக்குப் பெரிய காரணம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. மகள் நான் பி.காம். முடித்துச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து என்மேல் மட்டும் கை வைப்பதில்லை.

ராதா அத்தை ஜெயித்தாள். காலனிச் சாவடியில் அப்படியொரு வரிசையை யாரும் பார்த்ததில்லையாம். செய்தி வந்தபோது, குத்திவிட்டுக் கொட்டகைகளுக்குத் திரும்பியிருந்தவர்கள் ஒருவரும் கைதட்டவில்லை. விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தின்னர், பிளீச்சிங் பவுடர், செங்கல் தூள். நகக்கண்ணில் இறங்கிய ஓட்டு மை அசையவில்லை. கடைசியில் அவரவர் கொட்டகைக்குள் அவரவர் ஒரு கிழிசலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்கள். கேட்டால் கல் விழுந்தது என்று சொல்லலாம். பக்கத்துக் கொட்டகையிலும் அதே யோசனைதான் ஓடுகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகேஷ் இரண்டு அடியாட்களோடு வந்தான். எலக்சன் அன்றைக்குக் காணாமல்போன எல்லோரையும் வரிசையில் நிறுத்தினான்.

"கைய நீட்டுங்க."

நீட்டினோம். வரிசை முழுக்க இடது ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு.

நாகேஷ் அப்பாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்டா முனிராஜி, உன் சைட்ல கல்லுகூட வெரலு பாத்துதான் வுழுமா?"

கம்பி கட்டுகிற கவியரசனும் பயத்தில் சிரித்துவிட்டான். நாகேஷ் கையிலிருந்த ஹெல்மெட்டால் அவன் வாயில் அடித்தான். பல் ஒன்று சிமெண்ட் மூட்டைமேல் போய் விழுந்தது.

"அத்தினி பேரையும் தொரத்துனா என் வேலை நின்னுடும். ஒருத்திக்குக் குடுத்தா மீதிக்குப் புத்தி வரும். மேஸ்திரி பொண்டாட்டியே போயிருக்காளே. இழுத்தாங்கடா."

அடியாட்களில் ஒருவன் அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துவந்தான். செங்கல் அடுக்கின்மேல் அவள் இடது கையை அழுத்திப் பிடித்தான். நான் பாய்ந்தேன். இன்னொருவன் என் வயிற்றில் உதைத்தான். கம்பிக் குவியலில் போய் விழுந்தேன்.

நாகேஷ் அப்பாவின் கையில் சுத்தியலைத் திணித்தான். "நீயே பண்ணு. பண்ணா எல்லாரும் இருக்கலாம். இல்லியா, இப்பவே கொட்டகையக் காலி பண்ணு."

"சாமி, பொம்பள சாமி..."

"வூட்ல சாத்தறப்ப பொம்பளன்னு தெரியலியா?"

அம்மா விரலிலிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்துத் துப்பினாள். "ராதாவுக்குத்தான் குத்துனேன். அடிய்யா. வெறுங்கையாலயே அடிச்சுப் பழகுனவன், கொறி தப்பிடப் போவுது."

அப்பா எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு சுத்தியலைத் தூக்கினார்.

பாசாங்கு இல்லை. கல் உடைக்கத் தூக்கும் அதே தூக்கு. தோள் பின்னால் போய்விட்டது. எனக்கு அந்தத் தோளைத் தெரியும். கைக்கு வந்த கம்பியை எடுத்து அவர் முழங்கையில் அடித்தேன். என் பலம் மொத்தத்தையும் போட்டு அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் வரிசைக்கே கேட்டது.

அவர் கத்திக்கொண்டே சரிந்தார். சுத்தியல் மண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. வாயெல்லாம் ரத்தமாகக் கவியரசன் மண்வெட்டியைத் தூக்கினான். பெண்கள் செங்கல்லை எடுத்தார்கள். அடியாட்கள் இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி ஓடினார்கள். நாகேஷின் முதுகில் ஒரு கல், பிடரியில் ஒரு கல். தவழ்ந்தபடி ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டு, "கொளுத்துறேன்டி, அத்தினி கொட்டகையும் கொளுத்துறேன்" என்று கத்தினான்.

ஆட்டோவில் சிவாஜிநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவின் வலது கை, கொத்துவேலை செய்யும் கை, வேறு யாருடையதோ போல என் துப்பட்டாவில் தொங்கியது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாலத்தடியில் சிக்னல் விழுந்தபோது அவர் முனகினார்.

"அவனைத்தான அடிச்சிருக்கணும் நீ? என்னை ஏன்மா அடிச்ச?"

"சுத்தி உன் கையிலதான இருந்துச்சு" என்றேன்.