வூட்டுலயும் நூலு

மூன்று நூல், தட்டின் ஓரத்தில், மென்று சக்கையாகி ஈரத்தோடு கிடக்கிறது, வாயிலிருந்து ஒவ்வொன்றாக உருவி நந்து அங்கே வைக்கிறான், வைத்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்கிறான், என்ன இந்து இது, மில்லுலயும் நூலு, வூட்டுலயும் நூலா, ஒரு நூல்கோலைக்கூட வேக வெக்கத் தெரியாதா உனக்கு, அதைக் கேட்டு அப்பன் நாச்சிமுத்து குலுங்கிச் சிரிக்கிறார், சோற்றுக் கரண்டியோடு நின்ற தெய்வானைக்குக் காது அடைத்துக்கொண்டது, ஏனென்றால் நந்து ஒரு நாளும் மில்லுக்குப் போனவனில்லை, பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன், நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தது அவன் அப்பன், இருபத்தேழு வருசமாக அந்த ஆள் அவளைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு, எழுத்து மாறாமல் மகன் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடப்பாவி என்று நினைத்தாள், மகனையா புருசனையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கல்யாணமாகி நாற்பது நாள் ஆகாத பெண் இந்துமதி, இந்த வீட்டில் தனியாக வைத்த முதல் சாம்பார் இது, தலையைக் குனிந்து சோற்றைப் பிசைகிறாள், அந்தக் குனிந்த வகிடு தெய்வானைக்குத் தெரிந்த வகிடுதான், அவளும் இந்த வீட்டுக்குப் புதுசில் இப்படிக் குனிந்தவள்தான், அன்றைக்கு மில் சூப்பர்வைசர் சாப்பிட வந்திருக்கிறார், வாழையிலை போட்டிருக்கிறது, அவர் மென்று மென்று பார்த்து ஒரு நூலை உருவிச் சங்கடத்தோடு இலையோரம் வைக்கிறார், உடனே நாச்சிமுத்து, தப்பா நெனச்சுக்காதீங்க சார், இவ வெச்சாக் கல்லு வெந்தாலும் காய் வேகாது, மலையில வளந்த புள்ள, மில்லுலயும் நூலு, வூட்டுலயும் நூலு, என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துத் தொலைத்தாளே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மலையில் வளர்ந்த புள்ளையாம், மலையில் வளர்ந்ததால்தானே அவளுக்குத் தெரியும், கோத்தகிரிக்குக் கீழே சரிவில் நூல்கோல் பாத்தி, பள்ளிக்கூடம் லீவு விட்டால் காய் பிடுங்கப் போவாள், பனியில் விரல் விறைத்துப் போகும், ஒரு கைக்குள் அடங்குகிற காயை மட்டும்தான் மேஸ்திரி மூட்டையில் சேர்ப்பார், அதற்கு மேல் பருத்ததை மாட்டுக்கு எறிவார், வேர்ப்பக்கம் நகத்தை வைத்து அழுத்துவாள், நகம் இறங்கினால்தான் பல் இறங்கும், வீட்டுக்கு வந்ததும் முதலில் இலையைக் கிள்ளிவிட வேண்டும், விட்டால் இலை காயின் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், இலை அன்றைக்கே பொரியல், காய் ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானையடியில், ஒரு வாரம் கழித்துக் கடித்தாலும் நறுக்கென்று இருக்கும், தோல் சீவி உப்பு தொட்டுப் பச்சையாகத் தின்கிறாள், என்ன இனிப்பு, அந்த இனிப்பு இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது, இந்த வீட்டில் காய் வாங்குவது ஆம்பளை வேலையாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்து உழவர் சந்தைக்குப் போவார், இருப்பதிலேயே பெருசாக, பச்சைக் குழந்தை தலையளவு பார்த்து எடுப்பார், மேஸ்திரி மாட்டுக்கு எறிந்தாரே, அதேதான், கனமா இருந்தாத்தான்டி சரக்கு, எலையை அங்கயே திருகிப் போட்டுட்டேன், குப்பையை எதுக்குச் சொமக்கோணும், என்று கொட்டுவார், ஏனுங்க, சின்னதாப் பாத்து வாங்கியாங்க என்று முதல் வருசம் சொன்னாள், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்றார், இரண்டாம் வருசமும் சொன்னாள், அதே பழமொழி, மூன்றாம் வருசம் வாயை மூடிக்கொண்டாள், அரை விரல் கனத்துக்குத் தோலைச் சீவினாள், நாரை நாராக உரித்தாள், எட்டு விசில் விட்டாள், அப்படியும் ஒரு நூல் தப்பிவிடும், மரத்தை வாங்கி வந்தவர் அவர், வேகவில்லை என்ற பேர் அவளுக்கு, பழி ஓரிடம் பாவம் ஓரிடம், கனவில்கூட வரும், அவள் வாயிலிருந்து அவளே ஒரு நூலை உருவிக்கொண்டிருப்பாள், மில்லில் நூல்கண்டு சுற்றுகிற மாதிரி அது வந்துகொண்டே இருக்கும், முடியாது, பேச வாய் திறந்தால் இன்னும் வரும், விழித்துப் பார்த்தால் பக்கத்தில் அவர் நிம்மதியாகக் குறட்டை விடுவார்.

நாளைக்கு நல்லா வேக வெக்கறனுங்க என்றாள் இந்து, தலை நிமிராமல், அந்த நாளைக்கு என்ற சொல்தான், தெய்வானைக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது, கரண்டியைப் போட்டாள், நீ ஒண்ணும் வெக்க வேண்டாம் கண்ணு, உக்காரு என்றாள், ஆம்பளைகள் இரண்டு பேர் தட்டையும் பிடுங்கினாள், ஃபிரிட்ஜிலிருந்து மிச்சமிருந்த இரண்டு நூல்கோலை எடுத்து வந்து புருசன் முன்னால் டொம்மென்று வைத்தாள், கத்தியையும் வைத்தாள், இதை வேக வெச்சுட்டுச் சோறு தின்னுங்க. ஏம்புள்ள, கிறுக்கா உனக்கு என்றார். ஆமா கிறுக்குத்தான், இல்லீனா இத்தன வருசம் கம்முனு கெடப்பனா, இவன் எந்த மில்லுக்குங்க போனான், இந்தப் பேச்சை எங்க படிச்சான், உங்க தட்டுல படிச்சான், நான் முழுங்கிட்டு நின்னேன் பாருங்க, அதுல படிச்சான், பாதித் தப்பு என்னுதுதான், ஆனா எம்மருமக முழுங்க மாட்டா, வெட்டுங்க. நந்து, அம்மா என்று ஏதோ தொடங்கினான், நீயும் எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைடா என்றாள்.

கத்தி பாதிக் காயில் நின்றுவிட்டது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை, நாச்சிமுத்து காயோடு தூக்கித் தரையில் தட்டினார், மகன் அரிவாள்மனையைக் கொண்டுவந்தான், எட்டு விசில், பத்து, பன்னிரண்டு, அதுவரை மாமியாரும் மருமகளும் கூடத்து ஃபேனடியில் உட்கார்ந்திருந்தார்கள், அதென்னங்க அத்தை மில்லுலயும் நூலு, எனக்குப் புரியவே இல்லீங்க என்று இந்து கேட்டாள், தெய்வானை சூப்பர்வைசர் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், நகம் வைத்துப் பார்க்கிற விதத்தையும் சொன்னாள், அடுத்த ஞாயித்துக்கெழமை சந்தைப் பையை நாம ரெண்டு பேரும் எடுக்கறோம் என்றாள்.

மூன்றரை மணிக்குச் சோறு போட்டார்கள், நாச்சிமுத்து தன் கையாலேயே பரிமாறினார், ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார், இரண்டு விரல் தானாக வாய்க்குப் போயிற்று, வெள்ளையாக, நீளமாக ஒரு நூல் வந்தது, தட்டின் ஓரத்துக்குப் போன கை அங்கேயே நின்றது, எதிரே மருமகள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், என்னங்க மாமா, வூட்டுலயும் நூலுங்களா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் நூலைத் திரும்ப வாய்க்குள் போட்டு முழுங்கினார், அது தொண்டையில் சிக்கியது, இருமினார், தண்ணீர்ச் சொம்பு தெய்வானையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.