தெருக்குத்து வீடு

என் வீட்டுக்காரர் மருதப்பனுக்குத் தெரு போடுகிற வேலை. மண்வெட்டி பிடித்து அல்ல, பேனா பிடித்து. அப்பர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வரிசை வரிசையாக வீடு கட்டப்போகிற கம்பெனியில் பிளான் வரைகிறவர். எந்தத் தெரு எங்கே திரும்பும், எத்தனை அடி அகலம், குப்பை வண்டி எந்தச் சந்தில் நுழையும், எல்லாம் அவர் கையில்தான். ஊருக்கெல்லாம் தெரு போட்ட அந்த மனுஷன், பெண்டாட்டியை எட்டு வருஷமாகத் தேக்காவில் ஒரு கடையின் மாடியில், பலகை மறைத்த அறையில் வைத்திருந்தார். அடுப்படி ஐந்து குடும்பத்துக்கும் பொது. நான் புளி கரைத்தால் பக்கத்து அறைக்காரி உப்புப் பார்த்துச் சொல்வாள். எனக்கு வேண்டியதெல்லாம் தனி அடுப்படியோடு ஒரு வீடு. அதற்கு மேல் ஒரு குந்துமணி தங்கம்கூட நான் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டில் அந்தக் கம்பெனி பிளானுக்காக அவரைப் பிழிந்து எடுத்தார்கள். பிளான் வரைவது கஞ்சி போட்ட மெல்லிய துணியில். வேண்டாம் என்று ஒதுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவருவார். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நல்ல பருத்தித் துணி, தலையணை உறை தைக்கலாம். மசி மட்டும் முழுக்கப் போகாது. நாங்கள் தலைவைத்துப் படுத்ததெல்லாம் தெருக்களின் மேல்தான். அந்த வருஷம் எங்களிடம் தலையணையைவிட உறை அதிகம்.

எல்லாம் தெருக்குத்தினால் வந்த வினை. நேராக வரும் தெரு ஒரு வீட்டு வாசலில் வந்து முட்டி நின்றால் அந்த வீடு ஆகாது என்பார்கள் நம்மவர்கள். சீனர்களும் அப்படித்தான். அந்த மாதிரி வீடு விலைபோகாது என்று முதலாளி தவுக்கே பிளானைத் திருப்பித் தள்ளுவார். சரி, முட்டாமல் குறுக்கே போகட்டும் என்று வரைந்தால் நாற்சந்தியாகிவிடும். நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளும், முட்டியே நிற்கட்டும் என்று அரசாங்கத்தில் திருப்பி அனுப்புவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவர் ஒவ்வொரு தெருவாக வளைத்தார். முட்டுகிற இடத்தில் பிள்ளைகள் விளையாட மைதானம் விட்டார். சாயங்காலம் வந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துவிடுவார். சோற்றைப் பிசையும்போதும் விரல் தட்டில் தெருவை வளைத்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு நாள் சொன்னார், "எல்லாத்தையும் வளைச்சாச்சு. ஒண்ணுதான் பாக்கி. அங்க பின்னாடி பெரிய லோங்காங் ஓடுது. அதைத் தாண்டித் தெருவை நகர்த்த முடியல. ஒரு வீடு குத்துலதான் நிக்கும்."

லோங்காங் என்றால் சாக்கடைக் கால்வாய். "எந்த மகராசன் தலையில எழுதியிருக்கோ," என்றேன் நான்.

மறுநாள் அடுப்படியிலும் அதைச் சொன்னேன். புருஷன் அந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்றால் நாலு பேர் வந்து விசாரிக்கத்தானே செய்வார்கள்? வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் கேட்டவர்களிடமும் சொன்னேன். "எதை வேணா வாங்குங்க. அந்தக் கடைசித் தெருமுனை வீடு மட்டும் வேணாம். சும்மா குடுத்தாலும் வேணாம்."

வீடுகள் எழும்பி, விற்றும் போயின. அந்த ஒன்று மட்டும் நின்றது. அப்போதுதான் இவர் ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"தவுக்கே ஒரு வீட்டை எனக்குத் தர்றேங்கறார். பாதி விலை. சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்குவாங்களாம்."

"எந்த வீடு?"

"அதான்."

எனக்கு வந்ததே கோபம். "எட்டு வருஷம் காக்க வச்சு, ஊரே வேணாம்னு தள்ளினதையா என் தலையில கட்டுறீங்க? கோயில்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"நீயே யோசிச்சுச் சொல்லு," என்று படுத்துவிட்டார். பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டுத் தீர்த்துவிட்டு அன்றைக்கே சரி என்றிருப்பேன். அவரிடம் சத்தம் மிச்சமில்லை.

ஊருக்கு உபதேசம் சொல்லி மாட்டிக்கொண்டேன். நாள்கள் இழுத்தன. பக்கத்து அறை ஆமினா பீவியிடம் புலம்பினேன். குருக்களைக் கேட்டேன். வாசல் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்றார். பிறகு ஒரு காலையில், என் அடுப்பில் வேறொருத்தி சட்டி கொதித்துக்கொண்டிருக்க, நான் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு காத்து நின்றேன். எந்தத் தெரு வந்து குத்தினாலும் இதைவிடவா என்று தோன்றியது.

"சரின்னு சொல்லிடுங்க," என்றேன். அந்த வருஷத்தில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் வந்தார். முந்தின நாளே வீடு போய்விட்டதாம். முழு விலையும் கையில் கொண்டுவந்தால் எந்த முதலாளி காத்திருப்பான்? வாங்கியவர் அஹமது கபீர். ஆமினா பீவியின் புருஷன்.

"எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்ல லா, ரத்தினம்மா," என்றாள் ஆமினாக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு. "யாருக்கும் வேணாம், எனக்கும் வேணாம்னு நீதானே சொன்ன? அப்ப நாம கேட்டுப் பாப்போம்னு அவர் போனாரு." கள்ளம் கபடம் இல்லாமல்தான் சொன்னாள். சண்டை பிடிக்கக்கூட ஒரு முனை கிடைக்கவில்லை எனக்கு.

குடிபோனதும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போனோம். ஆமினாக்கா முதலில் அடுப்படியைத்தான் காட்டினாள். சிமெண்டு மேடை, தனிக் குழாய், பெரிய ஜன்னல். "உன் புண்ணியம்," என்றாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டேன். "பின்னாடி பெரிய லோங்காங்னீங்களே? ஒரு எட்டு வச்சா தாண்டிடலாம் போலிருக்கு."

"அது தவுக்கேக்குச் சொன்னது."

"அப்ப?"

"வளைச்சிருக்கலாம். வளைச்சா யாராவது வாங்கியிருப்பாங்க. நம்ம சம்பளத்துக்கு எட்டணும்னா யாருக்கும் வேணாத வீடாத்தான் இருக்கணும்."

நடு ரோட்டில் நின்றுவிட்டேன். "இதை என்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொன்னா அடுப்படிக்கே தெரிஞ்சிருமே, ரத்தினம்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில், இன்றைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். பஸ் நிற்கும் இடத்துக்கு அந்தத் தெரு முழுக்க நடந்தாக வேண்டும். இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். எங்கேயும் வளையாத தெரு, அதனால் எவ்வளவு தூரம் வந்தும் வீடு தெரிந்துகொண்டே இருந்தது.