அறுபத்தொரு வயது மகன்

உலயுக்குக்கு வயது அறுபத்தொன்று, எனக்கு இருபது. நான் அவருடைய அம்மா.

வடதுருவத்துப் பனிக்கடலோரம் இருக்கும் எங்கள் ஊரில் இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் பிறந்த அன்று அவருடைய செத்துப்போன அம்மாவின் பெயரை எனக்கு வைத்தார்கள். பெயரோடு அவளும் வந்துவிட்டாள், அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்றெல்லாம் பெயர் பார்ப்பதில்லை. நான்கு வயதில் நான் அவரைப் பார்த்து, "மகனே, சிகரெட்டைக் கீழ போடுடா" என்றேனாம். போட்டுவிட்டார். டாக்டர் மூன்று முறை சொல்லியும் கேட்காத ஆள், அதன்பின் தொடவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் எனக்குத் தேசியப் பூங்காவில் வழிகாட்டி வேலை கிடைத்தது. ஊருக்கு எதிரே, நீரிணையைத் தாண்டினால் பூங்கா: பனியாறு, பறவைகள் அப்பிக் கிடக்கும் பாறை, முன்னோர் விட்டுப்போன மண்வீடுகள். சுற்றுலாக்காரர்களோடு போகும்போது படகோட்டவும் துப்பாக்கியோடு கரடிக்காவல் நிற்கவும் ஓர் ஆள் வேண்டும். உலயுக் தானாகவே வந்து பெயர் கொடுத்தார். ஏன் என்பதை முதல் நாள் படகில் சொன்னார். முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் எங்கள் பேச்சு புரியாது.

"அனானா," என்றார். எங்கள் பேச்சில் அம்மாவுக்கு அனானா. "மண்வீட்டுக்குக் கிழக்கால நம்ம கூடாரத்த அழுத்தி வச்ச கல்லு வட்டம் அப்படியே இருக்கு."

"தெரியும்டா."

"ஆஸ்பத்திரிக் கப்பல் உன்னை அங்கேருந்துதான் கூட்டிட்டுப் போச்சு. எனக்கு ஏழு வயசு. வந்துடறேன், இங்கயே இருன்னு சொல்லிட்டுப் போன."

காசநோய். தெற்கே ஏதோ ஒரு நகரத்தில் புதைத்தார்கள். எந்த இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"இவங்க டீ குடிக்கிறப்ப நாம ரெண்டு பேரும் அங்க போயி கொஞ்ச நேரம் உக்காருவோம். நீ திரும்பி வந்துட்டேன்னு ஆயிடும்ல. ஆமா, நடந்துடுவியா? உனக்கு முட்டி வலி உண்டே."

"அது போன தடவை."

உலயுக் சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

கரையில் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்பு மேலங்கி. திமிங்கில எலும்பை வைத்து எங்கள் ஆட்கள் எப்படிக் கூரை போட்டார்கள் என்று நான் கம்பீரமாக விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அனானா, கையுறையப் போடு. விரல் விறைக்கும்."

ஓய்வுபெற்ற பல் டாக்டரான ஒரு பெண்மணி கேட்டார்: "அவர் உங்களை எப்பவும் அனானான்னே கூப்பிடுறாரே, என்ன அர்த்தம்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மரியாதையாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் புதுச் சீருடை, நெஞ்சில் பூங்காவின் சின்னம், சிரமப்பட்டு வளர்த்த இரண்டு வாரத் தாடி. இத்தனையையும் வைத்துக்கொண்டு, அந்தக் கிழவருக்கு நான் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

"கேப்டன்னு அர்த்தம்," என்றேன்.

அதன்பின் ஆறு பேரும் விடவில்லை. அனானா, இந்தப் பூவுக்கு என்ன பேர்? அனானா, ஒதுங்குறதுக்கு எந்தப் பக்கம்?

உலயுக்கின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்து, "நம்ம விஷயத்த இவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். "நல்ல சனங்கப்பா."

நான் பதில் தேடுவதற்குள் பல் டாக்டர் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். "உத்தரவு, கேப்டன் அனானா."

எல்லாரும் சிரித்தார்கள். உலயுக் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கேப்டன் என்கிற அளவுக்கு ஆங்கிலம் அவருக்குத் தெரியும்.

"கேப்டனா?" என்றார்.

"சும்மா, தமாஷுக்கு."

"ம்." துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அவரைத் தேடினேன். மேட்டில் தொலைநோக்கியோடு நின்றார்.

"வாடா, போலாம்."

"வேலை நேரம், நுவியா. கரடி பாக்கணும்."

உறவுக்காரரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் பெயரை இருபது வருஷத்தில் அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் முறை. அவருடைய அம்மாவின் பெயரும் அதுதான்.

"வட்டத்துலேருந்து பாத்தாலும் கரடி தெரியும்," என்றேன்.

"இங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியுது."

வேறு வழி தெரியாமல் நான் மட்டும் போய்க் கல் வட்டத்துக்குள் உட்கார்ந்தேன். தரை ஈரம். கூப்பிட்டுவிடும் தூரம்தான். மகனே என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அன்றைக்கு அந்தச் சொல்லும் என் வாயில் தமாஷாகத்தான் கேட்டிருக்கும்.

"அனானா, அப்படியே இருங்க, படம் நல்லா வருது," என்றது ஒரு சிவப்பு மேலங்கி. அப்படியே இருந்தேன்.

டீ ஆறிப்போனது. கடல் தண்ணீர் இறங்குகிறது, எல்லாரும் படகுக்கு வாருங்கள் என்று ரேடியோவில் உலயுக்கின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. அந்த எல்லாரில் நானும் இருந்தேன்.