கிணற்றுக்கு வந்த விளக்கு

முடிச்சூரில், பெட்ரோல் பங்கை ஒட்டிய சந்தில்தான் அபிதகுஜாம்பாள் மாமியின் வீடு. மாளவிகா கேட்டைத் திறந்தபோது கிணற்று வேலைக்கு வந்திருந்த பொன்னுசாமி கிணற்றடியில் வாளிக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தார்.

பங்கின் நிலத்தடி டாங்க் கசிகிறதா என்று பார்க்க மாளவிகாவின் கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். துளையிட்டு எடுத்த மண்ணின் நெடி மூக்கை எரித்தது. கசிந்தது எந்தப் பக்கம் போயிருக்கிறதென்று அறிய, அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். "சாதாரண டெஸ்ட்னு சொல்லுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தெருவுல வாயைத் திறக்கக் கூடாது" என்று மேனேஜர் கிரீஷ் போனில் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"தண்ணி டெஸ்டா? நல்ல சமயத்துல வந்தே போ" என்றாள் மாமி. "மழைக்கப்புறம் தண்ணியே சரியில்லை. தூர் வார இவனை வரச் சொன்னேன்."

"பெட்ரோல் வாடை வருதே மாமி?"

"பங்க் பக்கத்துல குடியிருந்துண்டு மல்லிப்பூ வாசனையா வரும்? எங்களுக்குப் பழகிப்போச்சு." சிரித்தபடி உள்ளே போனாள்.

மாளவிகா, ஆவியை அளக்கும் மீட்டரின் குழாயைக் கிணற்றுக்குள் விட்டாள். ஒரு முழம் இறங்குவதற்குள் அது வீறிட்டது. கிணறு முழுக்கப் பெட்ரோல் ஆவி. ஒரு பொறி போதும்.

"இன்னா பாப்பா, உன் மிஷினு பசிக்கு அழுவுதா?" என்றார் பொன்னுசாமி.

"அண்ணா, இறங்காதீங்க!"

"சும்மா எறங்கிடுவனா? மொதல்ல வெளக்கு வுட்டுப் பாப்பேன். எரிஞ்சா நல்ல காத்து. அணைஞ்சா நா வூட்டுக்குப் பூடுவேன். இத்தினி வருசமா அந்த வெளக்குதான் என்னிய உசுரோட வெச்சிகினு கீது."

அவள் திரும்பினாள். மாமி பூஜையறையிலிருந்து அகலை ஏற்றி, உள்ளங்கையால் காற்றை மறைத்தபடி வந்துகொண்டிருந்தாள்.

மாளவிகா ஓடிப்போய்க் கையை விரித்து வழிமறித்தாள். "மாமி, அணைங்க... அணைச்சிடுங்க..."

"என்னடிம்மா இது! வெள்ளிக்கிழமை ஸ்வாமிகிட்ட ஏத்தின விளக்கு. இவன் உயிருக்குத் துணையா இருக்கட்டும்னு கொண்டு வரேன், அணைங்கறியே!"

அந்த அவசரத்தில் காரணம் சொல்லத் தோன்றவில்லை, ஊதிவிடலாம் என்றுதான் தோன்றியது. பதறி மாமி அகலைக் கீழே போட்டுவிட்டால்? தரையோடு தரையாக அந்த ஆவி எவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? திருநீர்மலைப் பெருமாளே என்று மனசுக்குள் அலறினாள். மாமி அவளைச் சுற்றிக்கொண்டு இன்னும் ஓரடி வைத்தாள்.

"மாமி, அங்கியே நில்லு" என்றார் பொன்னுசாமி. "அந்தப் பொண்ணு கையப் பாரு, எப்பிடி ஒதறுது. உள்ள எடுத்துகினு போய் வெச்சிடு. நா இன்னிக்கு எறங்கல."

"அதுக்காக..."

"புள்ள பயந்து கெடக்குது மாமி. அது பயந்து நிக்க, நா எறங்கி இன்னா ஆவப்போவுது?"

மீட்டர் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. பயந்தவளை மேலும் பயமுறுத்தக் கூடாது என்பது புரிந்தது. மாமி முணுமுணுத்துக்கொண்டே விளக்கோடு உள்ளே போனாள்.

மாளவிகா இருவரையும் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டாள். பின்னாலேயே வந்த இருவரிடமும் மறைக்காமல் சொன்னாள். பங்கிலிருந்து கசிந்த பெட்ரோல் கிணற்றில் இறங்கியிருக்கிறது. விளக்கு கிணற்றுக்குள் போயிருந்தால் மூவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பொன்னுசாமி தன் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியின் உதடுகள் ஸ்லோகத்தைத் தொடங்கி, பாதியில் நின்றன.

"இந்தச் சந்துல எல்லார் வூட்லயும் கெணறு கீதே" என்றார் அவர் மெல்ல.

மாளவிகா போனை எடுத்தாள். கிரீஷின் முகம் நினைவுக்கு வந்தது. ஃபயர் சர்வீசுக்குச் சொன்னால் தன் வேலை போய்விடும். ஆனாலும் திரையைத் தொட்டாள். நடுங்கிய விரல் வேறெங்கோ பட்டது. மறுபடியும் தவறியது.

"குடு பாப்பா" என்று பொன்னுசாமி கையை நீட்டினார். "நம்பரச் சொல்லு. நா போடறேன், நீ பேசு."